முந்நூறு பிரதிகள்

சால்ட்டோவில் ஆறு வடிந்து பதினோராம் நாள்.
பள்ளிச் சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு.
மேசைமேல் ஏற்றி வைத்திருந்ததால்
நகல் எந்திரம் பிழைத்தது.
அதைக் கொண்டு நானும்.

அடுத்த அறையில் மிர்த்தா டீச்சர்
பதிப்புரிமைப் பாடம் நடத்துகிறார்.
கரும்பலகையில் வட்டம், உள்ளே ஒரே ஒரு எழுத்து.
"இது ஒரு கதவு. தட்டணும், காத்திருக்கணும்."
அவர் கையிலிருக்கும் தாள்
யாரோ எழுதிய புத்தகத்தின் நாற்பதாம் பக்கம்.
காலையில் இருபத்தெட்டுப் பிரதி எடுத்தவள் நான்தான்.
வாயைத் திறக்கவில்லை.

நஹீர் எழுந்தாள்.
வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல ரிப்பன்,
அதன் ஒரு முனையில் இன்னும் சேற்றுக் கறை.
வெள்ள நிவாரணத் துண்டறிக்கையை உயர்த்திக் காட்டி,
"டீச்சர், இது நான் எழுதினது."

கொட்டை எழுத்தில் இருந்தது:
ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது, கால் கழுவாமல்.
போகும்போது கட்டிலுக்கடியில்
துயரத்தை விட்டுச் சென்றது.
கீழே சின்னதாய்: ஒரு மாணவி.

"எனக்குப் பேர் இருக்கு. நஹீர் பெத்தன்கூர்.
அப்புறம், துயரம்னு நான் எழுதவே இல்ல.
தவளைன்னு எழுதினேன்.
தவளையை யார் எடுத்தது?"

தலைமையாசிரியர் வாஷிங்டன் ஒலிவேரா
கையில் மாத்தே குவளையோடு வந்து நின்றார்.
"நல்ல காரியத்துக்குத்தானே மகளே?
எழுபது மெத்தை சேர்ந்தது."
"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்தது, சார். நன்றி.
தவளை?"

நான்தான்.
தட்டச்சு செய்யும்போது
வெள்ளத்துக்குத் தவளை பொருந்தவில்லை என்று பட்டது.
சிரிப்பார்களோ, காசு போட மாட்டார்களோ.
வாசலில் நின்று சொன்னேன்.
காது சுட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை.
கொஞ்சம் யோசித்தாள்.
"அந்த வரி முழுசா என்னுது இல்ல.
'ஆறு தவளையை மறந்துட்டுப் போச்சு'ன்னு
சொன்னது தம்பி இலாரியோ. நாலு வயசு.
எழுதத் தெரியாது.
அவன் பேரும் வரணும்."

மிர்த்தா டீச்சர் சாக்பீஸோடு நின்றார்.
சொன்னவனா, எழுதியவளா?
நாற்பதாம் பக்கத்தில் அதற்கு விடை இல்லை.

முந்நூறில் மிச்சம் முப்பத்தேழு.
மற்றவை தெருத்தெருவாய்ப் போய்விட்டன,
துயரத்தோடு, பேரில்லாமல்.
முப்பத்தேழிலும் பேனாவால் அடித்து,
தவளைகளை ஒவ்வொன்றாய்க் கட்டிலுக்கடியில் திருப்பி விட்டேன்.
இரண்டு பெயர்.
பெத்தன்கூரில் ஒரு தடவை பிழைவிட்டேன்;
பக்கத்தில் நின்று திருத்தினாள்.

பிறகு பாடத்தாளைப் புரட்டிப் பார்த்து,
"இதை எழுதினது யாரு?"

அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் தேடினேன்.
இருந்தது. ஊறி, உப்பி, இரு மடங்காய்.
அட்டை இருந்த இடத்தில்
வெறும் பசைத்தடம்.