அணைந்திருந்த எட்டு நிமிடம்

ஓசூரில் தண்ணீர் தொண்ணூற்றேழிலேயே கொதித்துவிடும்.
மேட்டு நிலம்.
இங்கே எல்லாருக்கும் மூன்று டிகிரி முன்னாலேயே
கொதி வந்துவிடுகிறது என்றேன்.
மாதப்பன் சிரிக்கவில்லை.
தேக்சாவின் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாடகைக் கடையில் நாள் ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
என்ன விசேஷம் என்று கேட்டதற்கு
வளைகாப்பு என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறான்.
யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி
கம்பெனி பஸ்ஸில், டிபன் கூடைக்குள் வந்த டின்:
மால்ட் எக்ஸ்ட்ராக்ட், ஒன்றரைக் கிலோ.
திறந்தால்
கருப்பட்டிக்கும் சத்துமாவுக்கும் நடுவே ஒரு வாசம்.
சாய்த்தால் விழாது, யோசிக்கும்.
பிறகு ஒரேயடியாக விழும்.

அதை எப்போது ஊற்றுவது என்று
மூன்று நாள் சண்டை.
முதலிலேயே, என்றான்.
அறுபது நிமிடமும் கொதிக்கட்டும்,
பாதியில் வருவதை எதை நம்பி விடுவது.
கடைசிக் கால் மணியில், என்றேன்.
ஹீட் ட்ரீட்மென்ட்டில் ஒன்பது வருடம் எனக்கு.
உலையில் நேரத்துக்கு மேல் இருந்தது எதுவும்
நிறம் கெடாமல் வெளியே வந்ததில்லை.
பாகு அடியில் போய் உட்காரும், தீயும்.
தித்திப்பு முந்திக்கொண்டால்
கசப்பு தண்ணீரில் சரியாக இறங்காது.

"உனக்கு எல்லாமே கடைசி நிமிசந்தான்" என்றான்.
அந்தப் பேச்சை
ஹாப்ஸ் பொட்டலத்தோடு மடித்து
ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ராசியாகி, பாதி முதலில், பாதி பிறகு என்று வைத்தோம்.
பிறகு என்றால் எப்போது என்று
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஞாயிறு இரவு.
பால்கனிக் கதவைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி,
பாதி டின்னைக் கவிழ்த்தோம்.
நுரை விளிம்புக்கு ஏறியது.
பொங்கலோ என்று வாய்க்கு வந்ததை விழுங்கி
ஒரு கை பச்சைத்தண்ணீர் தெளித்தேன்.
பச்சை உருண்டைகள் விழுந்ததும்
சாமந்திக் காட்டில் யாரோ எலுமிச்சை நசுக்கிய வாசம்
ஹாலைத் தாண்டிப் படுக்கையறை வரை போனது.

நாற்பத்தேழாவது நிமிடம்
அடுப்பு ஒருமுறை நீலமாய் விக்கி அணைந்தது.
சிலிண்டரை உலுக்கினான். படுக்கவைத்தான். திட்டினான்.
கீழ்வீட்டு கெங்கரத்னாவிடம் கேட்க ஓடினான்.

நான், தேக்சா, மீதி டின்.
கொதி அடங்கி
ஆவி மட்டும் நேராக எழுந்தது.
கீழே தீ இல்லை. எது விழுந்தாலும் அடி பிடிக்காது.
இதைவிட நல்ல நேரம் வராது என்று
கை முதலில் முடிவு செய்தது.
பாகு கயிறாய் இறங்கியது.
மூங்கில் துடுப்பால்,
களி கிண்டும் சுற்றில், ஆனால் மெதுவாக,
அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்கினேன்.

சிலிண்டரின் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் கெங்கரத்னா.
"கேப்பைக் கூழா?"
"ம்."
"கூழுக்கு எதுக்குங்க ஊதுபத்தி?"
எட்டிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள்.
"ஆனதும் எனக்கு ஒரு பாட்டில்.
எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிப்டு போற வாரமாப் பாத்து."

அவள் போனதும் காலி டின்னைப் பார்த்தான்.
"ஊத்திட்டியா."
"ஊத்திட்டேன்."
ரெகுலேட்டரை மாட்டினான். தீ வந்தது.
அடுத்த சண்டை:
அணைந்திருந்த எட்டு நிமிடம் கணக்கில் வருமா, வராதா?
அவன் பூனாவில் இருந்த பதினான்கு மாதத்தை
கல்யாண வருடங்களில் சேர்ப்பதா என்றே
இன்னும் பேசி முடியவில்லை.
இன்னும் பதிமூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கினோம்.

ஐந்தாவது வாரம் ஒரு பாட்டில் திறந்தோம்.
பயந்த அளவுக்குக் கறுக்கவில்லை;
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
பழுக்கத் தொடங்கிய பீத்தர் மாம்பழத் தோல்.
கசப்பு ஜாஸ்தி என்றான்.
என்று சொல்லி இரண்டாவது கிளாஸும் ஊற்றிக்கொண்டான்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நேற்றுதான் பார்த்தேன், அவன் கையெழுத்து:
மீதிப் பாகு, 47. தீயை அணைத்துவிட்டு.
கீழே, பேனா மாற்றி, வேறொரு நாள் எழுதியதுபோல்:
நின்ற நேரம் 8 நிமி. சேர்த்துக்கொள்ளவும்.