எந்தத் தூணின் கீழ்

தாம்பெரேயில் பிப்ரவரி. ஏரி இறுகிக் கிடக்கிறது;
ஒருவர் அதில் துளையிட்டு மீனுக்குக் காத்திருக்கிறார்.
சன்னலுக்கு இப்பால்
சர்வதேச சிறுநீரக மருத்துவர் சங்கத்தின்
அடுத்த ஐந்தாண்டு, மஞ்சள் சீட்டுகளாய்ச் சுவரில்.

குறிப்பெடுப்பது என் வேலை.
யார் கொட்டாவி விட்டார்கள் என்பதை எழுதுவதில்லை.

'அனைவருக்கும்' என்பதற்கு முன்
'இயன்றவரை' வேண்டுமா என்பதில்
முற்பகல் போயிற்று. வேண்டும், ஏழுக்கு ஆறு.

காபிக்குப் பின் லிலோங்வேக்காரர்
சிக்கோண்டி ம்வாலே எழுந்தார்:
"எங்களிடம் டயாலிசிஸ் இயந்திரம் மூன்று.
ஒன்றில் குழாய் கிழிந்துவிட்டது.
விலை, இங்கே ஒருவேளைச் சாப்பாடு.
இது எந்தத் தூணின் கீழ் வரும்?"

தலைவர் ரித்வா கண்ணாடியைத் துடைத்தார்.
நான்காவது என்றார் பொருளாளர். இரண்டு, என்றது ஒரு குரல்.
கடைசியில்
எல்லாத் தூண்களையும் தொட்டுச் செல்வது என முடிவாயிற்று,
அதாவது எதிலும் இல்லை.
எழுதினேன். பிறகு 'அதாவது' முதல் அடித்தேன்.

பசை காய்ந்து ஒரு சீட்டு விழுந்தது, குப்புற.
ம்வாலே எடுத்தார். திருப்பிப் பார்க்கவில்லை.
வெறும் பக்கத்தில் குழாயின் எண்ணை எழுதி
என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே அந்த மனிதர்
துளையில் மறுபடி படிந்த பனியை
அகப்பையால் அள்ளி எறிகிறார்.

இணைப்பு ஒன்று, எனத் தலைப்பிட்டேன்.
யாருக்கும் ஆட்சேபம் இல்லை;
யாரும் இணைப்புகளைப் படிப்பதில்லை,
பணம் அனுப்பும் எழுத்தரைத் தவிர.