இரண்டு அவுன்ஸ்

வியாழன்தோறும், பால்வண்டி போனபின்,
கூடையோடு வருவாள் லோவீசா ஸ்டார்க்வெதர்.
மேலே முட்டை, கீழே வைக்கோல்,
வைக்கோலுக்கும் கீழே ஓர் உறை.
எடுக்குமுன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள்.

வெர்மான்ட்டின் இந்த மூலையில்
தபால் நிறுப்பவள் நான்.
மாப்பிள்ளை அமையவில்லை என்கிறது ஊர்.
அமைத்துக்கொள்ளவில்லை என்று நான் திருத்துவதில்லை.
தராசு இருக்கிறது. சாவி இருக்கிறது.
மாடியில் ஓர் அறை, உள்ளிருந்து பூட்டலாம்.

முதல் கதை நாலு அவுன்ஸ்.
பாஸ்டன் போய்த் திரும்பி வந்தது,
கூடவே ஒரு கடிதம்.
நின்றபடியே படித்தாள்.
மழை வரும்போல என்கிற குரலில் சொன்னாள்:
"வீட்டைவிட்டுப் போனவள் திரும்பி வரணுமாம்.
இல்லாவிட்டால் சந்தாதாரர் வீடுகளில்
சங்கடமாகிவிடுமாம்."

இரண்டு வாரம் ஆளைக் காணோம்.
பன்றி அறுக்கும் பருவம்.
கொழுப்பு உருக்கியிருப்பாள், மெழுகு வார்த்திருப்பாள்,
ஆல்வாவின் காலுறைக்குக் குதிகால் பின்னியிருப்பாள்.
மூன்றாம் வியாழன் உறையை நீட்டிய விரல்களில்
சூட்டுக் கொப்புளம், மசிக்கறை, இரண்டும்.
நிறுத்தேன்.
அரை அவுன்ஸ் கூடியிருந்தது.
ஒரு பெண்ணை வீடு திரும்பவைக்க
அவ்வளவு காகிதம் பிடித்திருக்கிறது.

மார்ச்சில் பத்திரிகை வந்தது.
அடுத்தவர் தபாலைப் பிரிப்பது குற்றம்.
அன்றிரவு கெட்டில் ஆவியில் குற்றம் செய்தேன்.

வருகிறாள். பனியில், கணுக்கால் நனைய வருகிறாள்.
பிசைந்த மாவு தட்டைமீறிப் பொங்கிக் கிடக்கிறது.
கணவன் தலை நிமிரவில்லை.
ஏப்ரனைக் கட்டுகிறாள்.
கடைசி வரி:
'கதவை அவள் தாழிடவில்லை.'

மறதி என்று நினைத்திருப்பார் பாஸ்டன்காரர்.

பன்னிரண்டு டாலர் காசோலை
திருமதி ஆல்வா ஸ்டார்க்வெதருக்கு.
அவள் பெயரின் ஓர் எழுத்துகூட அதில் இல்லை.
ஆல்வா அதில் புது ஏர்க்கொழு வாங்கினான்.
நல்லவன்தான். கை ஓங்காதவன்.
கொழு மண்ணை வெண்ணெயாய் வெட்டுகிறதென்று
அவளிடமே பெருமையாகச் சொன்னானாம்.

ஏப்ரல் சேறு.
அச்சுவரை வண்டிகள் புதைகிற வாரம்.
நடந்தே வந்தாள், பாவாடை முழங்கால்வரை பழுப்பு.
கூடையில் முட்டை இல்லை, வைக்கோல் இல்லை.
நட்டநடுவே உறை.
தீவன மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த ஆண்கள்
பார்க்கட்டும் என்பதுபோல எடுத்து வைத்தாள்.
மூலையில் அனுப்புநர்: லோவீசா ஸ்டார்க்வெதர்.
அவ்வளவே. யாருடைய திருமதியும் இல்லை.
பதில் இந்தத் தபால் நிலையத்துக்கே வரட்டும்,
வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

முள் இரண்டு அவுன்ஸில் நின்றது.
"பாதியாய்க் குறைந்துவிட்டதே?"

"இவள் திரும்பி வரவில்லை," என்றாள்.
"அதான் காகிதம் மிச்சம்."

வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கியே
முத்திரையைக் குத்திவிட்டேன் போல.
ஆண்கள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்தார்கள்.
மை காயும்வரை
நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.