அறுபத்திரண்டில்

அறுபதில் இல்லை.
அறுபத்தைந்தில் இல்லை.
நடுவே ஒரு சின்ன இடத்தில்
பூமயிலின் இருக்கைக்கு மட்டும்
குளிர்காய்ச்சல் வருகிறது.

ரோடு என்றேன்.
இடைகால் தாண்டிப் புதுத் தார் போட்டிருந்த நாளிலும்
ரோடு என்றேன்.
தொண்ணூற்றெட்டு மாடல் எஸ்டீம்,
டிக்கியில் நாலு மூட்டை புளியங்குடி எலுமிச்சை,
புதனும் சனியும் புனலூர்.
உதறாமல் என்ன செய்யும்?

பூமயில் பதினோரு வருடம்
புளியரை வரிச் சாவடியில் கணக்கெழுதியவள்.
லாரியின் பின்பட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தே
பில்லில் இல்லாத மூட்டையைச் சொல்லிவிடுவாள்.
சாவடி மூடி, மேசை நாற்காலி ஏலம் போனபின்
அவளிடம் மிஞ்சியவை அந்தப் பார்வையும்
பாதி எழுதாத ஒரு நீள நோட்டும்.

நோட்டில் இப்போது இது:
ஏ.சி. போட்டால் உண்டு. அணைத்தால் உண்டு.
மூட்டையோடு உண்டு. மூட்டை இறக்கியும் உண்டு.
நின்ற இடத்தில் எஞ்சினை இரையவிட்டால்
இல்லை.
ஓட்டத்தில் நியூட்ரலுக்குத் தட்டினால்
உண்டு, அடிக்கோடிட்டு உண்டு.
"அப்போ எஞ்சின் இல்ல. உருளுறது ஏதோ."
டாஷ்போர்டில் பாதித் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி
வட்டங்களை எண்ணினாள்.
நான் வண்டியை ஓட்டினேன்.
அவள் அதை விசாரித்தாள்.

தென்காசியில் உத்தண்டராமன்
முன்சக்கரம் இரண்டையும் மெஷினில் சுற்றவிட்டு
காரீயத் துண்டு தட்டினான்.
பின்சக்கரம்? என்றாள்.
"பின்னால எவன் பாக்கான்க்கா?"
அறுநூறு ரூபாய்.
அறுபத்திரண்டு.
உண்டு.

எஞ்சின் மவுண்டிங் என்றார் பீர் கனி அண்ணன்.
மாற்றினோம்.
ஆக்ஸில் என்றான் ஆரியங்காவு பினோய்,
"பழைய வண்டியல்லே சேட்டா."
விலையைக் கேட்டதும்
நான் மறுபடி ரோட்டின் கட்சிக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு சொன்னாள், தட்டைப் பார்த்தபடி:
"ஆறு மாசமா எனக்கு இருக்கு.
உங்களுக்கு இல்லேங்கறதால
அது இல்லேன்னு ஆயிருமா?"
நான் இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை பினோயிடம் அவளே சொன்னாள்:
பின்னது முன்னுக்கு, முன்னது பின்னுக்கு.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
நானும்.

தென்மலை கழிந்து இடமண் நேர்ச்சாலை.
அறுபது.
அறுபத்தொன்று.
உயிருள்ள எலியோடு பொறியைத் தூக்கியதுபோல
ஸ்டீயரிங் என் கையில் துடித்தது.
மணிக்கட்டு, முழங்கை,
கடைவாய்ப்பல் வரை.
அவள் இருக்கை சும்மா இருந்தது.
"வந்துட்டா?" என்றாள்
ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு.
"வந்துட்டு."

ஓரம் கட்டினேன்.
இடது முன்சக்கரம்; காலைவரை பின்சக்கரம்.
முழங்காலிட்டு, ரிம்மின் உள்பக்கம்,
யாரும் துடைக்காத அதன் முதுகில்
விரலை விட்டுத் துழாவினாள்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
ஸ்குரூடிரைவர் கேட்டாள்.

செம்மண்.
ஓடாக இறுகிய செம்மண்,
தோசைக்கரண்டி அகலம்.
ஆனி மழையில் குளத்துப்புழைக்குக் குறுக்குவழி என்று
"வேண்டாம், புதையும்" என்றவளை மீறி
நான் திருப்பிய தோட்டத்துப் பாதை.
இரண்டு மணிநேரம் புதைந்து கிடந்தோமே,
அந்த மண்.

எலுமிச்சைத் தராசில் போட்டாள்.
நூற்றுப்பத்து கிராம்.
நூறு தடவை எல்லை தாண்டியிருக்கிறது,
என் வண்டியில்,
அவள் முதுகுக்குப் பின்னால்,
பில் இல்லாமல்.

எழுதினாள். எடை, இடம், தேதி.
சரக்கு உரிமையாளர் கட்டத்தில்
என் பெயர்.
நோட்டை நீட்டினாள்.
கையெழுத்துப் போட்டேன்.

திரும்புகையில் எஸ் வளைவு இறங்கி
வயல்கள் விரிகிற இடத்தில்
மெல்ல ஏற்றினேன்.
அறுபத்திரண்டு.
பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை.
கொஞ்சநேரம் அதையே பார்த்திருந்தவள்
மூடியைத் திருகி
குடித்துவிட்டாள்.