ரசமட்டம்

"இறால் தின்றால் உடம்பு தடிக்குமா?"
பச்சைச் சாயம் ஏற்றுமுன் எல்லாரிடமும் கேட்பதுதான்.
பவுஸ்தீன் சிரித்தார்.
"முகத்துவாரத்தில பிறந்தவனிட்ட கேக்கிற கேள்வியா, மிஸ்?"

வெளியே லிப்டன் சுற்றுவட்டத்தில்
பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.
உள்ளே இருட்டு.
சொட்டுமருந்து விட்டு இருபது நிமிடமாகியும்
இடது கண்மணி விரிய மறுத்தது.

கொள்ளுப்பிட்டியில் முப்பத்தோராம் மாடி,
கடல் பக்கக் குளியலறை.
வெள்ளை டைல் பதித்து எழும்பிப் பார்த்தால்
நாலாவது வரிசை நடுவில் ஒரு வளைவு,
தூண்டில் நரம்பை மீன் தொட்டதுபோல.
பெயர்த்தார். திரும்பப் பதித்தார்.
மூன்றாம் முறை பெயர்க்கையில்
உதவிப் பொடியன் ரசமட்டத்தை வைத்துக் காட்டினானாம்.
குமிழி நட்டநடுவில்.
"கோணல் தரையில இல்லை அண்ணே."

உடைந்த டைல்களின் காசு
அந்தக் கிழமைச் சம்பளத்தில் கழிந்தது.

இரண்டு கிளினிக்கில்
விழித்திரை சுத்தம் என்று எழுதியிருந்தார்கள்.
பொய்யில்லை. கிழிசல் இல்லை, கசிவு இல்லை.
அதற்குக் கீழே தோலுரு,
குழாய்கள் நெருங்கிப் பின்னிய இருண்ட படை.
வெளிச்சம் அங்கே போய்ச் சேருமுன் களைத்துவிடும்.
அதைப் படமெடுக்க
இயந்திரத்தைக் கண்ணில் இடிக்கிற அளவுக்குக்
கிட்டத் தள்ளவேண்டும்.
திரையில் உருவம் குப்புறக் கவிழும்.
கவிழ்ந்த பிறகுதான் ஆழம் தெளியும்.
வேலை பழகிய முதல் கிழமை
அதைப் பிழையென்று நினைத்து
பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தேன் நான்.

"நாடியை ஊன்றுங்கள். நீலப் புள்ளியைப் பாருங்கள்."
"புள்ளி நெளியுது, மிஸ்."
"நெளியட்டும். அதையே பாருங்கள்."

சாயம் ஏறிப் பதின்மூன்றாம் நொடி
கறுப்பில் கிளைகள் வெளுத்தன,
களனி ஆறு கடலைத் தொடும் இடத்தை
வானத்திலிருந்து பார்ப்பதுபோல.
மஞ்சட்பொட்டின் அடியில் மட்டும்
ஓரிடம் நிரம்பவில்லை.
ஒரு நிமிடம் பார்த்தேன். பத்து நிமிடம்.
நிரம்பவேயில்லை.

குறுக்குவெட்டில் குழி.
சுற்றிலும் இருநூற்றெண்பது மைக்ரோன் தடிப்பு,
அங்கே எழுபத்தொன்று.
விழித்திரை ஒரு கீறலுமின்றி
அதற்குள் வளைந்து இறங்கியிருந்தது.

டொக்டர் சொல்லுமுன் வாய் திறக்கக்கூடாது.
திரையை அணைக்க மறந்தேனா,
மறந்ததாக வைத்துக்கொண்டேனா.
அவர் கண் கூசி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.
காற்றிலே விரலால் அந்த விளிம்பைத் தடவினார்.
"டைல் நல்ல டைல்.
அடியில சாந்து இறங்கியிருக்கு.
யார் போட்ட தரை, மிஸ், இது?"

பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம்
என்று டொக்டர் பிறகு எழுதினார்.
மருந்தில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு படம்.
கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி
தினம் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கவேண்டும்.
புதிதாய் ஒரு கோடு நெளிந்தால்
அன்றைக்கே வரவேண்டும்.

தாளை மடிக்காமல் சட்டைக்குள் வைத்தார்.
"வலது கண் இருக்குத்தானே.
மிச்சத்தைக் குமிழியிட்டக் கேட்டுப் பதிக்கிறன்."

கதவு வரை போனவர் நின்றார்,
நடைபாதைத் தரையைக் குனிந்து பார்த்தபடி.
"இது உண்மையாவே கோணல்.
வாசல்ல இருந்து ஓடுது. தெரியுதா?"

பதினொரு வருடம் நான் நடந்த தரை.
எனக்கு நேராகத்தான் தெரிந்தது.