கசிவுச் சோதனை

பகலில் நான் ஊருக்கு வெந்நீர் கொண்டுபோகிறவள்.
ஔலு நகரத்துத் தெருக்களின் அடியில்
ஆள் தலை நுழையும் குழாய்கள் ஓடுகின்றன.
உறைந்த மண்ணைக் கொத்தி இறங்கி
மல்லாந்து படுத்துப் பற்றவைப்பேன்.
என் பற்றில் இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.
துறைமுகச் சாலையில் ஒருமுறை.
அது வால்வின் குற்றம்.

இரவில்,
பிஸ்கட் அளவுச் சில்லு ஒன்றின்
சூட்டை வெளியே எடுக்க
இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டியிருக்கிறேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
"சைலா, ஜன்னலைத் திறந்து வையேன்" என்கிறான் தம்பி ஓட்ஸோ.
அவனுக்கென்ன, மேக் வைத்திருக்கிறான்.

முன்பு மூன்று காற்றாடிகள்.
விளையாட்டில் கோட்டை எரியும்போதெல்லாம்
என் மேஜையிலிருந்து விமானம் கிளம்பும்.
கீழ்வீட்டு டோர்ஸ்டி
விடியுமுன் மூன்றுக்கு எழுந்து ரொட்டி சுடப் போகிறவர்.
விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பார்.
இரண்டு இடி என்றால் "போதும்".
மூன்று என்றால் "போலீஸ்".

அதனால் நீர்.

அக்ரிலிக் குழாய்க்குள் சிலிகான் கயிற்றைச் செருகி
சூட்டுத் துப்பாக்கியில் உருட்டி உருட்டி வாட்ட வேண்டும்.
ஒரு நொடி குறைந்தால் வெளுத்து முறியும்,
ஒரு நொடி கூடினால் கொப்புளம்.
முதல் நான்கும் குப்பைக்கு.
ஊர்க்குழாயில் நடுங்காத கை
பதினாலு மில்லிமீட்டரில் நடுங்கியது.

வடித்த நீர், கார்க் கடையில் வாங்கியது.
நீலம் பச்சை என்று சாயம் வைத்திருந்தார்கள்.
தண்ணீருக்கு எதற்கு வேஷம்.

காகிதக் கிளிப் ஒன்றை வளைத்து
மின்பெட்டியை ஏமாற்றினேன்:
பம்பு மட்டும் ஓடும், மற்றதெல்லாம் தூங்கும்.
பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவதுபோல்
அத்தனை கனத்தையும் சாய்த்துத் தட்டத் தட்ட
ஏப்பம் ஏப்பமாய் வெளியேறியது காற்று.
பதினாறு மூட்டு.
பதினாறு வெள்ளைத் தாள்.
இருபத்து நான்கு மணி நேரம்
எதுவும் நடக்காமலிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

பதின்மூன்றாவது மணியில் இடி.
கூரையில் அல்ல, கதவில்.
உள்பனியனோடு டோர்ஸ்டி,
கையில் சூப்புப் பானை,
அதில் விரற்கடை அளவு தண்ணீர்.
"உன் பெட்டி என் கட்டிலில் ஒழுகுகிறது."

மண்டியிட்டேன்.
விரலை நம்பாமல்
மேலுதட்டால் தொட்டுப் பார்த்தேன் ஒவ்வொரு தாளையும்.
பதினாறும் காய்ந்த தாள்.
பிறகுதான் பானையில் விரலை விட்டேன்.
வெதுவெதுப்பு.
முகர்ந்தேன்.
இரும்பு வாசம், மட்கிய வாசம்,
தினமும் என் கையுறையோடு வீட்டுக்கு வருவது.

மேஜைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய ஹீட்டர்.
அதன் வால்வு நட்டில் ஒரு மணி
திரண்டு, தயங்கி,
பலகை இடுக்கில் விழுந்தது.
பதினோரு வருஷமாக இந்த அறையில் இருக்கிறேன்.
ஒருநாளும் அதன் அடியில்
ஒரு தாளை வைத்துப் பார்த்ததில்லை.

டோர்ஸ்டி டார்ச் பிடித்தார்.
ஸ்பேனரில் கால் சுற்று.
அவ்வளவுதான், அவ்வளவேதான்.

எழுந்தவர் என் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நின்றார்.
"இது எதைக் காய்ச்சுகிறது?"
காய்ச்சவில்லை, ஆற்றுகிறது என்றேன்.
"ஆற்றி, சூட்டை எங்கே விடும்?"
இந்த அறைக்குள்தான்.
அவர் தாடையைச் சொறிந்தார்.
"அப்போ இதுவும் ஹீட்டர்."

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
வேகம், சட்டகம், டிகிரி.
அவர் பானையோடு படியிறங்கிவிட்டார்.

பதினேழாவது தாளை மடித்து
வால்வின் அடியில் வைத்தேன்.
பம்பு ஓடுகிறதா என்று
காதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கீழே செருப்பு, சாவிக்கொத்து.
பிறகு என் தரையில்
ஒரே ஒரு இடி.

ஒன்றுக்கு என்ன பொருள் என்று
நாங்கள் பேசி வைத்ததில்லை.

இன்னும் பத்து மணி நாற்பது நிமிடம்.