நெல்லியடி, 8.31

என் கொப்பியில் நாலு நிரல்:
வண்டி இலக்கம், புறப்பட்டது, வந்தது, பிந்தியது.
பிந்தினால் நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்.
மற்ற மூன்றையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணம் 7.42.
நெல்லியடி 8.31.
இருபத்திநாலரைக் கிலோமீற்றர், நாற்பத்தொன்பது நிமிடம்,
மணிக்கு முப்பது.
அடிமட்டம் வைத்துக் கீறின கோடு மாதிரி.

முப்பதில் அது ஓடவேயில்லை.
முள் ஏறும்போதும் இறங்கும்போதும்
முப்பதைத் தட்டிவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்.
நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றப் பூச்சியம்.
அவரங்காலில் சாரதி பிறேக்கை மிதிக்க
ஒரு மனுசியின் பை அறுந்ததாம்.
வண்டி நின்றது,
சின்ன வெங்காயம் நிற்கவில்லை.
ஏழு பேர் சீற்றுக்கடியில் குனிந்து பொறுக்கினார்கள்.
பிறகு வல்லை வெளி.
அங்கே தொண்ணூறு போயிருப்பான். நான் கேட்கவில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல்
இரண்டு முறையும் என்னைக் கைவிட்டது.
ஆர்முடுகல், அமர்முடுகல்:
இன்னும் வாய்க்குள் கூழாங்கல்லாய் உருள்கின்றன.
கதிக்குத் திசை இல்லை, வேகத்துக்கு உண்டு:
அதற்கு மட்டும் முழுப்புள்ளி.
"வேற கதியில்லாமல் இந்தக் கொட்டிலுக்கு வந்தவன்"
என்று மச்சான் சொல்லும்போது நான் திருத்துவதில்லை.
கதி இருந்தது மச்சான்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்
இடப்பெயர்ச்சி பூச்சியம்.
அதைப் படித்த வருசம் எங்கள் வகுப்பில்
ஒருவரும் சொந்த வீட்டிலிருந்து வரவில்லை.
உதாரணம் தேவைப்படவில்லை.

டிலக்சன் துண்டை நீட்டுகிறான், ஒரு கால் இன்னும் மிதிபலகையில்.
"அண்ணை, வல்லையில ஒரு கொக்கு.
கதவோட ஒட்டிப் பறந்து வந்தது.
செட்டை அடிக்குது, ஆனால் அந்தரத்தில அப்பிடியே நிக்குது.
வெளிதான் பின்னுக்குப் போச்சு."

அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சரிதான்.
ஆனால் கொக்கு தொண்ணூறில் பறக்காது.
நாற்பது, மிஞ்சினால் ஐம்பது.
அப்படியென்றால் பிந்திய வண்டியை
ஆளில்லாத நேர் றோட்டில்
யாரோ காலைத் தளர்த்தி ஓட்டியிருக்கிறார்கள்.

சாரதியைப் பார்த்தேன்.
அவர் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வரவேண்டியது 8.30.
நாலாவது நிரலில் ஒன்று என்று எழுதினேன்.
வெங்காயத்துக்கென்றால் டிலக்சன் அரைமணி வாதாடியிருப்பான்.
பேசாமல் ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு
ஓடத் தொடங்கிய வண்டியில்
தொற்றிக்கொண்டான்.